மிச்சிகனில் துவக்கோடு வந்தவரும் நான் நீட்டிய அட்டையும்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மிச்சிகனில் நடந்ததை என் மைத்துனன் ரவி இங்கே கனடாவில் ஸ்காபரோ முழுவதும் சொல்லிச் சிரித்துவிட்டான். அவன் சொன்னது பாதி. மிகுதியையும், அந்தப் பக்கம் போகவிருப்பவர்களுக்குத் தேவையான சிலவற்றையும் எழுதுகிறேன்.

ஸ்காபரோவுக்கு அருகே அஜக்ஸில் எங்கள் வீட்டு வாசலில் இருந்து இரண்டு கார்கள் களவு போயின. பொலிஸ் ஒரு முறைப்பாட்டு இலக்கம் தந்தது, அவ்வளவுதான். இந்த நாட்டில் கள்ளனுக்குத்தான் பாதுகாப்பு என்று நான் எல்லாரிடமும் கத்தித் திரிந்தேன். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில், மிச்சிகனில் பெற்றோல் நிலையம் நடத்தும் ரவி, வீட்டை விற்றுவிட்டுப் பங்குக்கு வரச் சொன்னான். அங்கே தற்காப்புக்கு றைபிள், சொட்கன் போன்ற துவக்குகளை எல்லாரும் பார்க்கத் தோளில் கொண்டுபோகலாம். என் மனைவி வதனிக்கும் விருப்பம். விற்க முன்னர் பார்த்துவிட்டு வருவோம் என்று ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டோம்.

401 நெடுஞ்சாலையில் எல்லை நகரான வின்சர் வரை நானூறு கிலோமீற்றர். இந்த நாட்டு லண்டன் தாண்டினால் பாதை வெறும் சோளக்காடு. தூக்கம் வரும், கோப்பியை முன்னரே குடித்துவிடுங்கள். எல்லையில் இருபது நிமிடம். பத்தரைக்கு ரவியின் கடை.

உள்ளே நான் கோப்பி ஊற்றிக்கொண்டிருக்க, ஒருவர் கதவைத் திறந்து வந்தார். தோளில் றைபிள். நான் கோப்பியை வைத்தேன். ஓரமாக ஒதுங்கினேன், தொப்பியைக் கழற்றினேன், சாரதி அனுமதி அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினேன். யோசித்துச் செய்யவில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காலமெல்லாம் இராணுவச் சோதனைச் சாவடிகளில் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, நீட்டி அப்படித்தான் நின்றேன். அவர் அதை வாங்கிக் கவனமாக வாசித்து, என் பெயரை மூன்று துண்டாக உடைத்துச் சொல்லிக் கைகுலுக்கினார்.

ரவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அத்தான், உவர் ஆமி இல்லை! கூரை வேலை செய்யிறவர். டோனட் வாங்க வந்தவர்!”

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ ஐசியை நீட்டினனீங்கள்?”

ரவி நான்கு வயதில் நாட்டை விட்டு வந்தவன். அவன் காணாத ஒன்று உண்டு. எனக்குப் பின்னால் வதனி கைப்பையை அகலத் திறந்து, உள்ளே தெரியும்படி சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் திரும்பியதும் மூடிவிட்டாள்.

அந்த மனிதர் சட்டப்படி நடப்பவர். தன் உயிரைக் காக்கக் கொண்டுதிரிகிறார். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்தக் கதவு ஒரு நாளைக்கு நூறு தடவை திறக்கும்.

எல்லை தாண்டித் திரும்பும் வழியில், சாத்தம் நகரில் வதனி எனக்குக் கோப்பி வாங்கித் தந்தாள். பிறகு, “வீட்டை விக்க வேண்டாம். கார் போனாப் போகட்டும்” என்றாள்.

“ரவிக்கு என்ன சொல்லிறது?”

“உங்களுக்குப் பயமெண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். விளைவு, மார்க்கம் நகரில் ஒரு பிறந்தநாள் விழாவில் மூன்று பேர் வரிசையில் நின்று என்னிடம் லைசென்ஸை நீட்டினார்கள். படித்தவர்கள். அதில் ஒருவர் கணக்காளர்.

போகிறவர்களுக்கு: துவக்கோ தோட்டாவோ எல்லையைத் தாண்டிக் கொண்டுவராதீர்கள். உறவினரின் காரில் திரும்புவதானால் இருக்கைகளின் கீழும் பாருங்கள். கிடந்த ஒரு தோட்டாவுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கடைக்குள் யாராவது துவக்கோடு வந்தால் உங்கள் வேலையைப் பாருங்கள்.

இதை எழுதச் சொன்னவள் வதனி. விழாவில் நடந்ததைப் பார்த்துவிட்டு, “என்ர பையையும் எழுதுங்கோ, அப்பதான் வாய் மூடுவினம்” என்றாள்.

பெயர் போடாமல் இடுகிறேன். யாரென்று விசாரிப்பவர்கள் விசாரிக்கட்டும். இந்த முறை நானாக எடுத்து நீட்டுவதாக இல்லை.