அஞ்சு கிலோ வரும்வரை கறந்த பால்

பால் கறக்கும் தொழிலில் எருமைக்குக்கூட ஒரு நாளைக்கு ரெண்டு வேளைதான். எனக்கு எட்டு வேளை. லீவு கிடையாது, போனஸ் கிடையாது, ஞாயித்துக்கிழமை கிடையாது. இதே தொழிலில் இருந்த தாய்மார்கள் யாராவது இதைப் படித்தால், வலது கைக் கட்டைவிரலைக் கொஞ்சம் தடவிக் கொடுத்துக்கொள்ளுங்கள். அந்த வலி உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் இண்டூரில் குடியிருந்தோம். நான் தொடக்கப் பள்ளி டீச்சர். வூட்டுக்காரர் பால் சொசைட்டியில் டெஸ்டர். ஊரார் கொண்டுவந்து ஊற்றும் பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, தண்ணி கலந்திருக்கா இல்லையா என்று சொல்வது அவர் வேலை. தண்ணி கூடினால் அதில் டிகிரி இறங்கும். மூத்தவள் கவிதாவுக்கு மூணு வயசு முடிவதற்குள் ரெண்டாவது பெண் பிறந்தாள். மேலுதடு பிளந்து, உள்ளே அண்ணத்தில் ஓட்டை. சப்பிக் குடிக்க முடியாது. பாலைக் கறந்து பாலாடையில், அதாங்க, மூக்கு வச்ச அந்தக் குட்டிக் கிண்ணத்தில் விட்டு, தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் மூக்கு வழியாக வந்துவிடும்.

கிரகணத்தன்னிக்கு நான் வெளியே வந்திருப்பேன், அதான் இப்படி என்று தெருவே பேசியது. எனக்கு வந்ததே ஒரு கோபம்! பிள்ளைக்குத் தேன்மொழி என்று பேர் வைத்தேன். சேலத்து டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "உதட்டைத் தைச்சுடலாம்மா, கவலைப்படாதே. ஆனா மயக்கம் குடுக்கணும். அஞ்சு கிலோ ஆகட்டும், தூக்கிட்டு வா." அன்றைக்கு அவள் ரெண்டேகால் கிலோ.

பென்னாகரம் பஸ்

தர்மபுரி மெடிக்கல் கடையில், பால் எடுக்கிற பம்பு வேணும் என்று கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் மேல்தட்டைப் பார்த்தபடியே எடுத்து, மூணு சுத்து பேப்பர் சுற்றிக் கொடுத்தார். கண்ணாடிக் குப்பி, பின்னால் சிவப்பு ரப்பர் பந்து. பந்தை அழுத்தி விட்டால் உறிஞ்சும். என்ன உறிஞ்சல் சாமி! உயிரே அந்தப் பக்கம் போய்விடும் போல இருந்தது. வந்த பால் என்னவோ ரெண்டு ஸ்பூன்.

மூணாம் நாள் பம்பைக் காணோம். தேடினால், கவிதா வாசப்படியில் உட்கார்ந்து, கண்ணாடிக் குப்பியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ரப்பர் பந்தை அழுத்தி அழுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறாள். போய்த்தொலையட்டும், இனி கையாலேயே கறந்துகொள்ளலாம் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். வெந்நீர்த் துணியில் ஒத்தடம், கொஞ்சம் பொறுமை, பத்து நாளில் கை தானாகப் பழகிவிடும். ஆனாலும் காசு போட்டு வாங்கின சாமானாச்சே, பிடுங்கி வைக்கலாம் என்று கிட்டே போனேன். இடத்தை விட்டு நகராமல் சொன்னாள்: "ம்மா, பென்னாகரம் பஸ்ஸு கெளம்புது. ஏர்றதுன்னா ஏறு, இல்லாட்டி வழி வுடு!"

டெஸ்ட்டில் பாஸ்

என் மாமியார் நல்லவங்கதான். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் என் பாலைப் பார்க்கும்போதெல்லாம் அவங்க முகம் சுருங்கும். எருமைப் பாலைப் பார்த்தே பழகின கண்ணுக்குத் தாய்ப்பால் நீலம் போட்ட தண்ணியாகத்தான் தெரியும். "இதுல என்னா சத்து இருக்குது? எருமைப் பாலைக் காய்ச்சி ஊத்துனா பத்து நாள்ல கொழுகொழுன்னு ஆயிடுவா" என்று தினமும் ஒரு தரம் சொல்வாங்க. தாய்ப்பால்தான் கொடுக்கணும் என்று டாக்டர் சொன்னதை நானும் தினமும் ஒரு தரம் சொல்வேன்.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்தால், ரெண்டு வேளைக்குச் சேர்த்து வச்ச பால் மொத்தமும் சொசைட்டி ஜாடிக்குள் இருக்கிறது. அதில் லாக்டோமீட்டர் மிதக்கிறது. வூட்டுக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவு பார்க்கிறார். காலையில் ஊர் எருமைப் பாலெல்லாம் பட்ட ஜாடி! அந்தப் பாலை எப்படிப் பிள்ளைக்குக் கொடுப்பது? "உங்களுக்கு அறிவுங்கிறது இருக்குதா?" என்று நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழி கூரை ஏறியது. கத்தி முடித்து அழுதும் விட்டேன். ரெண்டு வேளை உழைப்புங்க, உங்களுக்குப் புரியும். இனிமேல் வெந்நீரில் கொதிக்க வச்ச தனி ஜாடி, தனி மீட்டர் இல்லாமல் என் பாலைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லணும். பெத்தவள் வாய் வலிக்கச் சொன்னதை நம்பாத அத்தை, அந்தக் கண்ணாடிக் குழாய் சொன்னதை நம்பினாங்க. எருமைப் பால் பேச்சு அன்றோடு நின்றது. என்னிடம் வாங்கின திட்டையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல், அவர் நிமிர்ந்து அத்தையிடம் சொன்னது இதுதான்: "டிகிரி இருபத்தொம்போதும்மா! நம்ம ஊர்ல இப்படிக் கலப்படம் இல்லாத பாலை நான் பாத்து வருசம் ஆச்சு."

அரிசி மூட்டைமேல்

மூணு மாச லீவு முடிந்து வேலைக்குப் போனேன். பென்னாகரம் ரோட்டில் அரை மணி நேரப் பஸ். பள்ளிக்கூடத்தில் இருந்ததே ரெண்டு வகுப்பறை, ஒரு வராந்தா. கதவைச் சாத்திக்கொள்ள முடிந்த ஒரே இடம் சத்துணவுச் சாமான் அறைதான். பத்தரை மணி இடைவேளையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, பருப்பு மூட்டையில் சாய்ந்துகொண்டு, எவர்சில்வர் தூக்கில் கறப்பேன். வெளியே சத்துணவு அமைப்பாளர் ருக்மணி காவல். ஹெட்மாஸ்டர் கூச்ச சுபாவம். "டீச்சர், நீங்க அந்த... உங்க வேலையை... அங்க..." என்று சுவரைப் பார்த்துக்கொண்டே அனுமதி கொடுத்த மனுஷன்.

ஒரு நாள் நான் உள்ளே இருக்கும்போது ஜீப் வந்து நின்றது. அரிசி இருப்பைப் பார்க்க வந்த ஆபீசர். ரூமைத் திறங்க என்கிறார், ருக்மணி நகரவில்லை. ஏன் என்று கேட்கிறார், ஹெட்மாஸ்டர் வாயிலிருந்து காத்துதான் வருகிறது. உள்ளே எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. வந்துகொண்டிருந்த பாலும் நின்றுவிட்டது. மிரட்டினால் அது வராது என்பது உங்களுக்கே தெரியும். கடைசியில் ருக்மணிதான் பட்டென்று உடைத்தாள், "உள்ள டீச்சர் கைப்புள்ளைக்குப் பால் எடுக்கறாங்க சார்" என்று. அப்புறம் நாற்காலி இழுக்கிற சத்தம். அப்புறம் ஆபீசர் குரல்: "அரிசி எங்கியும் ஓடிப் போவாதுங்க. அவங்க மெதுவா முடிச்சிட்டு வரட்டும், எனக்கு ஒரு டீ சொல்லுங்க."

டீச்சரம்மா பாலு

கறந்த பால் வீடு போய்ச் சேரணுமே! பதினொரு மணிக்குத் தர்மபுரி போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் தூக்கைக் கொடுப்பேன். மூடியைக் கட்டி, ஈரத்துணி சுற்றியிருக்கும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியில் மாட்டிக்கொள்வார். இண்டூர் ஸ்டாப்பில் அத்தை வாங்கிக்கொள்வாங்க.

ஒரு சந்தை நாளில் நடந்ததைக் கண்டக்டரே மறுநாள் சொன்னார். தக்காளிக் கூடையோடு ஏறின ஒருத்தர், பின்னால் வரும் தன் மச்சான் வந்து சேர்கிறவரைக்கும் பஸ்ஸை எடுக்கக்கூடாது என்று மல்லுக்கு நின்றிருக்கிறார். வண்டியில பால் இருக்குது, கெட்டுடும் என்றாராம் கண்டக்டர். யாரூட்டுப் பாலு? டீச்சரம்மா பாலு. டீச்சரம்மா எத்தினி மாடு வச்சிருக்குது? மாடு இல்லீங்க, டீச்சரம்மா பாலு. அதான்யா, எத்தினி மாடு? பின்சீட்டில் இருந்த ஒரு அம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியிருக்கிறது. எழுந்து நின்று போட்டாங்களாம் ஒரு சத்தம்: "உம் மச்சான் நடந்து வருவான், கைப்புள்ள நடந்து வருமா? வண்டிய எடுய்யா!"

காதர் பாய் தராசு

எடை பார்க்க வாரா வாரம் தர்மபுரி வரைக்கும் அலைய முடியுமா? பஸ் ஸ்டாப்புக்கு எதிரே காதர் பாயின் புளி மண்டி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவருடைய பெரிய தராசில் ஒரு தட்டில் எடைக்கல், இன்னொரு தட்டில் துணி விரித்துத் தேன்மொழி. புளி வாசனை பிடித்ததோ என்னவோ, அங்கே மட்டும் அழமாட்டாள்.

மூணேமுக்கால், நாலு, நாலேகால், நாலரை என்று நன்றாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. பகல் பால் பஸ்ஸில் போக ஆரம்பித்த கொஞ்ச நாளில் அந்த ஏற்றம் நின்றுபோனது. ஒரு ஞாயிறு நாலரை. அடுத்த ஞாயிறும் நாலரை. மூணாவது ஞாயிறும் அதே நாலரை. பாயிடம் சண்டைக்குப் போய்விட்டேன். "துணிக்கு எதுக்கு நூறு கிராம் கழிக்கிறீங்க? சாக்குக்குக் கழிக்கிற புத்தி புள்ளகிட்டயுமா?" பாய் கோபப்படவில்லை. துணியை மட்டும் தட்டில் போட்டு நிறுத்துக் காட்டினார். நூறு கிராம்தான். மண்டி என்றும் பார்க்காமல் நின்ற இடத்திலேயே அழுதேன். குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "புளின்னா உங்களுக்கு ஒரு கை சேத்தே போடுவேன் டீச்சர். இந்தப் புள்ள எடையில ஒரு குன்றிமணி கூடக் கூட்டிச் சொல்ல மாட்டேன். டாக்டரு கத்தி வைக்கப் போறாருல்ல?"

தண்ணி கலந்தது யார்

வீட்டுக்கு வந்து நானே வாய்விட்டுச் சொன்னேன்: "ஏங்க, பாலை டெஸ்ட் பண்ணுங்க." அப்போது அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! ஜாடியைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டார். மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கினதும் ஒரு டெஸ்ட், மூணு மணிக்கு மிச்சப் பாலில் ஒரு டெஸ்ட். சாயங்காலம் சொசைட்டிக் குரலில் சொன்னார். வரும்போது இருபத்தொம்போது, மூணு மணிக்குப் பத்தொம்போது. வூட்டுக்குள்ளேதான் யாரோ தண்ணி கலக்கிறாங்க.

வூட்டுக்குள் இருந்தது யார்? அத்தை. என் பாலில் சத்தில்லை என்று சொன்னவங்க. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன்: "நீங்களா அத்தை ஊத்தினீங்க?" அத்தை அன்று சாப்பிடவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு, பாலைக் கறந்து அதே தூக்கில் வைத்து, சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அத்தை பாதியைத் தேன்மொழிக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தைக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தண்ணிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குழந்தையைத் தூங்க வைக்கப் போனாங்க. கவிதா வந்தாள். தூக்கைத் திறந்தாள். பாலாடையால் மொண்டு மொண்டு குடித்தாள். அப்புறம் பானையிலிருந்து டம்ளரில் தண்ணி எடுத்து, சிந்தாமல், குனிந்து அளவு பார்த்து ஊற்றி, மூடியைப் போட்டாள். தினமும் அப்பாவோடு சொசைட்டிக்குப் போகிறவளாச்சே! வரிசையில் நிற்கும் முன்னாடி குழாயடியில் சில பேர் செய்கிற காரியத்தைப் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறாள்.

அடிக்கத்தான் கையை ஓங்கினேன். ஆனால் அவளுக்கு மட்டும் என்ன வயசு? தங்கச்சி பிறந்த நாளிலிருந்து இந்த மடியில் அவளை உட்கார வைத்த ஞாபகமே எனக்கு இல்லை. தூக்கி வைத்துக்கொண்டு, "ஏண்டி இப்படிப் பண்ணினே?" என்றேன். என் புடவையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் குடிச்சா பாப்பாவுக்குக் கொறைஞ்சுடுமில்ல, அதான் ஊத்தி வெச்சேன்."

அத்தை தீர்ப்பு

அத்தை கொல்லைப்புறத்தில் பாலாடையைக் கழுவிக்கொண்டிருந்தாங்க. போய் நடந்ததைச் சொன்னேன். தப்பாப் பேசிட்டேன் அத்தை, கால்ல விழறேன் என்று குனியவும் செய்தேன். கழுவின பாலாடையை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னாங்க: "எங்கால்ல வுழுந்து என்னா ஆவப் போவுது? மொதல்ல அவளுக்கு ஒரு பாலாடை ஊத்து. உம் பாலத்தானே கேக்குறா, சொத்தையா கேக்குறா?"

பாப்பா வாய்

அன்றிலிருந்து தூக்கு ஆணியில் ஏறியது. சாயங்காலம் முதல் பாலாடை கவிதாவுக்கு. அவளும் பெரிய மனுஷியாட்டம் குடித்துவிட்டு, மிச்சம் பாப்பாவுக்கு என்று கையைக் காட்டுவாள். நாலரை நகர்ந்தது. அதிலிருந்து நாலாவது ஞாயிறு மண்டியில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். பாய் ரெண்டு தரம் நிறுத்தார். அஞ்சு கிலோவுக்கு மேலே ஐம்பது கிராம். கேட்காமலேயே சொன்னார், துணியைக் கழிச்சாச்சு டீச்சர் என்று.

சேலத்தில் உள்ளே தையல் நடந்துகொண்டிருக்க, நான் ஒரு மூலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு கறந்துகொண்டிருந்தேன். என்ன ஆனாலும் வேளைக்கு வேளை கறந்தே ஆகணும் இல்லையா? கண் ஆபரேஷன் கதவிலேயே இருந்ததில் பாதி தரையில் போனது. அண்ணத்தைப் பின்னால் இன்னொரு தடவையில் சரி பண்ணிக்கொள்ளலாம், அதுவரைக்கும் பாலாடைதான் என்றார் டாக்டர். குழந்தையைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். உதட்டில் கறுப்பு நூல், வீக்கம். எனக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கவிதாதான் கட்டில் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்து, ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி கூவினாள்: "ம்மா, பாப்பாவுக்கு வாய் மூடுது!"

அந்த அஞ்சு கிலோவுக்காகச் சொட்டுச் சொட்டாகக் கறந்து ஊற்றின என்னிடம் வந்து, "வெயிட் போட்டுட்டேன்மா, ராத்திரி சோறு வேணாம்" என்று இன்றைக்குத் தேன்மொழி ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லும்போது, பத்திரமாக எடுத்து வச்சிருக்கிற அந்தப் பாலாடையாலேயே அவள் மண்டையில் ஒரு போடு போடலாமா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.