ஹீரோவுக்கு எதிரில் ஆடியவர்

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், தார் உருகும் மே மாதத்தில், என் மாமா குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். அம்மா கேட்டதற்கு சைனஸ் என்றார். சாப்பிடும்போதும் அதைக் கழற்றவில்லை, தூங்கும்போதும் கழற்றவில்லை. மூன்றாம் நாள் குளித்துவிட்டு வருகையில் தலையில் சுற்றியிருந்த துண்டு நழுவியதில் விஷயம் வெளியே வந்துவிட்டது. மாமாவின் தலைமுடி முழுக்க நீலம். பேனா மை நீலம்கூட இல்லை. அறுபத்துமூவர் உற்சவத்தன்று மாட வீதியில் விற்கிற பிளாஸ்டிக் விசில் இருக்கிறதே, அந்த நீலம்.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் மயிலாப்பூரில் இருந்தார். இன்ஜினியரிங் படித்து, தரமணியில் ஒரு கம்பெனியில் எட்டு மாதம் வேலை பார்த்து, ஒருநாள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சினிமாப் பாட்டுகளில் ஹீரோவுக்குப் பின்னால் ஆடுகிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். தெருவில் யாராவது கேட்டால் அம்மா "கலைத்துறையில இருக்கான்" என்பாள். எந்தக் கலை என்று அவர்கள் கேட்பதற்குள் அவர்கள் வீட்டுக் குழந்தையின் கணக்கு மார்க்கை விசாரித்துவிடுவாள். அம்மா மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் அதிக நேரம் நின்று பேசியதில்லை.

நீலத் தலையைப் பார்த்ததும் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மாமா அவசர அவசரமாக விளக்கினார். தெருவில் நடனமாடும் இரண்டு குழுக்கள் மோதிக்கொள்கிற படம். கடைசிப் போட்டிதான் படத்தின் உயிர். அதற்காகத்தான் இந்த நிறம்.

"நீயும் பின்னாடி நின்னுண்டு ஆடறதுக்கா இந்தக் கோலம்?" என்றாள் அம்மா.

"இல்லக்கா. இந்தத் தடவை ஹீரோவுக்கு எதிர்ல நின்னு ஆடறேன்."

அம்மாவின் முகம் மாறியது. மறுநாள் அவள் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகும்போது அந்த வாக்கியத்தையும் கையோடு எடுத்துப் போனாள். பதினோரு மணி டீ இடைவேளையில் மாமா ஹீரோவுக்கு இணையாக ஆடுகிறவர் ஆனார். சாயங்காலம் முகாம் முடிவதற்குள் இரண்டாவது ஹீரோ ஆகிவிட்டார். மாமா சொன்னது பொய்யில்லை. அம்மா சொன்னதும் அவளுக்குப் பொய்யில்லை.

அப்பா கணக்குத் தணிக்கை வேலையாக மதுரைக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு முகாம். என்னை வீட்டில் தனியாக விட முடியாததால், படப்பிடிப்பு நாளன்று மாமா தன் பைக்கின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார். கூட்டத்தில் நிற்கக் குழந்தைகளும் தேவைப்பட்டார்களாம்.

ஈக்காட்டுத்தாங்கலில் மூடிக்கிடந்த ஒரு பட்டறை. சுவரெல்லாம் யாராலும் படிக்க முடியாத எழுத்துகளைப் பெரிது பெரிதாக வரைந்திருந்தார்கள். நடுவில் சிமெண்ட் தரை. சுற்றி நின்று பார்ப்பதற்கு இருநூறு பேரைக் கூட்டி வந்திருந்தார்கள். என் பக்கத்தில் நின்றவள் நொச்சிக்குப்பத்து அக்கா ஒருத்தி. காலையில் ரோட்டோரம் மீன் விற்பாள், படப்பிடிப்பு இருந்தால் மாமியாரைக் கூடையருகே உட்கார வைத்துவிட்டு இங்கே வந்துவிடுவாள்.

"இன்னா பாப்பா, யார் கூட வந்த?"

மாமா கூட என்று சொல்லி, எதிர்ப்பக்கம் நின்ற நீலத் தலையைக் காட்டினேன்.

"அஞ்சு பேரும் நீலமா கீறாங்க, மூஞ்சில வேற தகரத்த மாட்டிகினு கீறாங்க. இதுல எதும்மா உங்க மாமா?"

அப்போதுதான் கவனித்தேன். ஐந்து பேருக்கும் மூக்குவரை மறைக்கிற வெள்ளி முகமூடி. இடது ஓரத்தில் இருப்பவர் என்று சொன்னேன். நிற்கும்போது ஒரு பாதத்தின் மேல் மறு பாதத்தை வைத்துத் தேய்ப்பது மாமாவின் பழக்கம்.

கழுத்தில் விசில் மாட்டிய ஒருவர் வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தார். ஹீரோவின் ஆட்கள் ஆடினால் குதித்துக் கை தட்ட வேண்டும். நீலத் தலைகள் ஆடினால் 'ஊ' என்று கத்திக் கட்டை விரலைக் கீழே காட்ட வேண்டும். நான் கையைத் தூக்கி, நீலத் தலைகள் நன்றாக ஆடினால் என்ன செய்வது என்று கேட்டேன். வகுப்பில் புரியவில்லை என்றால் கேட்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. அவர், நன்றாக ஆடினாலும் கத்த வேண்டும், அதுதான் கதை என்றார்.

பாட்டு போட்டார்கள். நீலத் தலைகள் ஆடினார்கள். என் மாமா தலைகீழாகிப் பம்பரமாகச் சுற்றினார். சுற்றிக்கொண்டிருந்தவர் சட்டென்று ஒற்றைக் கையில் நின்றார். கால்கள் இரண்டும் பத்து மணி பத்து நிமிடம் காட்டுகிற கடிகார முட்கள் மாதிரி காற்றில் அப்படியே நின்றன. வீட்டில் மேல் அலமாரியிலிருந்து பருப்பு டப்பாவை எடுக்கச் சொன்னால் இடுப்பு வலிக்கிறது என்கிற மனிதர் அவர். இருநூறு பேரும் 'ஊ' என்று சொல்ல மறந்துபோனோம். பிறகு பக்கத்து அக்கா கை தட்டினாள். அடுத்த நொடி பட்டறையே தட்டியது.

கட் என்றது ஸ்பீக்கர். டைரக்டர் மைக்கில், முதலில் கை தட்டியது யார் என்று கேட்டார். நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள், அக்கா உட்பட. பிறகு அவள் குனிந்து, கை தானாகத் தட்டிவிட்டது, அதற்கு அவள் என்ன செய்வாள் என்று என் காதில் நியாயம் சொன்னாள்.

அப்புறம் ஹீரோ கேரவனிலிருந்து வந்தார். அவர் கூடவே ஒரு குடையும் ஒரு மின்விசிறியும் வந்தன. அவருக்கு ஆட்டத்தை நான்கு நான்கு எண்ணிக்கையாக வெட்டிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா? என் மாமாதான். முகமூடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு அசைவையும் மெதுவாகச் செய்து காட்டினார். ஹீரோ நான்கு எண்ணிக்கை ஆடுவார், குடைக்குள் போவார், அடுத்த நான்கைக் கேட்டுக்கொண்டு வருவார். அரை நிமிட ஆட்டத்துக்கு நாங்கள் இரண்டு மணி நேரம் குதித்தோம்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் அந்தக் காட்சி. திமிர் பிடித்த நீலத் தலைவன் எகிறிக் குதித்து, கால் வழுக்கி, மல்லாக்க விழுகிறான். ஹீரோ அவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டுப் போட்டியை ஜெயிக்கிறார். மாமாதான் நீலத் தலைவன்.

முதல் தடவை விழுந்ததும் டைரக்டர், விழப் போவது முன்பே தெரிந்தவன் மாதிரி இருக்கிறது என்றார். இரண்டாம் தடவை, வலி அதிகம் என்றார். ஐந்தாம் தடவை, விழுவதற்கு முன்னால் ரொம்ப அழகாக இருக்கிறான், ஜனங்கள் அவன் பக்கம் போய்விடுவார்கள் என்றார். மாமா ஒவ்வொரு முறையும் தலையாட்டி, பின்புறத்தைத் தட்டிக்கொண்டு, முன்பு நின்ற இடத்திலேயே போய் நின்றார். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். சினிமா என்றால் பொய் என்று எனக்கும் தெரியும். ஆனால் தரை சிமெண்ட். அது பொய்யில்லை.

பன்னிரண்டாம் தடவை விழுந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. மாமா எழுந்திருக்கவில்லை. முகமூடிக்குக் கீழே வாய் கோணிக் கிடந்தது. ஹீரோ சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். நான் அக்காவின் பிடியிலிருந்து நழுவி ஓடினேன். கையில் என் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதைக்கொண்டு ஹீரோவின் முழங்காலில் ஓங்கி ஒன்று போட்டேன்.

"எங்க மாமாதான் நன்னா ஆடினார். நீங்க ஆடவே இல்ல. நடுநடுவுல குடைக்குள்ள போய் உக்காந்துண்டேள்."

பாட்டு நின்றது. ஹீரோ முழங்காலைப் பிடித்தபடி என் உயரத்துக்குக் குந்தினார். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அது எனக்கும் தெரியும் பாப்பா. சத்தமா சொல்லாத."

கீழே கிடந்த மாமா ஒரு கண்ணைத் திறந்தார். "அசடே, இந்த டேக்தான்டி சரியா வந்தது" என்றார்.

அதற்குள் மைக் கத்த ஆரம்பித்திருந்தது. இந்தக் குழந்தையை யார் கூட்டி வந்தது, இரண்டு பேரையும் வெளியே அனுப்புங்கள். விசில்காரர் ஓடி வந்து, முகமூடி போட்டால் எல்லாத் தலையும் ஒன்றுதான், வேறு ஆளை விழச் சொல்லலாம் என்று யோசனை சொன்னார். இன்னொரு நீலத் தலை முன்னால்கூட வந்துவிட்டது. மாமா எழுந்து என் கையைப் பிடித்தார். வாசல் பக்கம் நின்று நின்று நடந்தார். விழுந்த வலி என்று நினைத்தேன்.

ஹீரோதான் தடுத்தார். டைரக்டரிடம் போய், குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். "அவரே விழட்டும் சார். அவரு விழுந்தாத்தான் நான் ஆடின மாதிரியே தெரியுது."

மாமா மறுபடி போய் நின்றார். நொச்சிக்குப்பத்து அக்கா என்னை மடியில் இருத்தி, ஒரு கையால் என் இரண்டு கைகளையும், மறு கையால் என் வாயையும் பிடித்துக்கொண்டாள். "கண்ண மூடிக்க கண்ணு, ரெண்டு நிமிசத்துல முட்சிடும்" என்றாள். அந்த இரண்டு நிமிடம் ஒன்றரை மணி நேரம் நீண்டது. பதினேழாவது தடவையில் ஷாட் ஓகே ஆனது. விளக்குப் பிடித்தவர்கள், டீ கொடுத்தவர், விசில்காரர் எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவழியாக வீட்டுக்குப் போகலாம் என்ற சந்தோஷத்தில் தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மாமாவால் பைக்கில் உட்கார முடியவில்லை. சைதாப்பேட்டை வரை பாதி நின்றபடியே ஓட்டினார். ஒரு கடையில் நிறுத்தி எனக்கு ரோஸ் மில்க் வாங்கித் தந்து, நடந்ததை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். சொல்லவில்லை. ஏழு மாதம் சொல்லவில்லை. அதற்குள் அம்மா டீச்சர்கள் அறையில் மாமாவுக்கு ஹீரோவுடன் ஒரு சண்டைக் காட்சியும் சேர்த்திருந்தாள். கேட்கும்போதெல்லாம் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

படம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மதியக் காட்சிக்கு அம்மா இரண்டு வரிசை பிடித்துவிட்டாள். ஹெட்மிஸ்ட்ரஸோடு சேர்த்துப் பதினோரு டீச்சர்கள். அப்பா பாப்கார்ன் விநியோகித்தார். மாமா வர மாட்டேன் என்று சொல்லிப் பார்த்து, கடைசியில் வரிசையின் கோடியில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலை கறுப்பாகியிருந்தது.

இடைவேளை வரை மாமா திரையில் வரவே இல்லை. பெரிய ரோல் என்றால் லேட்டாகத்தான் வரும் என்றாள் அம்மா. பிறகு ஐந்து நீலத் தலைகள் வந்தன. எது எது என்று பதினோரு பேரும் கேட்டார்கள். முகமூடியைக் கழற்றும்போது சொல்கிறேன் என்றாள். யாரும் கழற்றவில்லை.

கடைசிப் போட்டி வந்தது. மாமா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். உதடுகள் ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட் என்று முணுமுணுத்தன. திரையில் நீலத் தலைவன் எகிறினான், வழுக்கினான், விழுந்தான். தியேட்டர் எழுந்து நின்றது. விசில், கூச்சல், கிழித்து வீசிய காகிதம். பிசிக்ஸ் மிஸ்கூட எழுந்து நின்று கை தட்டினார், அவனுக்கு நன்றாக வேண்டும் என்றார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவின் பக்கம் சாய்ந்து, இன்னும் உங்கள் தம்பி வரவில்லையே என்றார். அம்மா அந்த விழுந்த உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஹீரோவின் கையைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தில் தேய்த்தது.

"இப்ப விழுந்தானே, அவன்தான்" என்றாள் அம்மா. கடைசி பெஞ்சுவரை எட்டுகிற டீச்சர் குரல், விசிலுக்கு நடுவிலும் இரண்டு வரிசைக்கும் கேட்டது.

பிசிக்ஸ் மிஸ் உட்கார்ந்துவிட்டார். நான் பயந்துபோய் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் விழுந்ததற்கு இத்தனை பேர் சந்தோஷப்படுகிறார்களே, அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். மாமா கைப்பிடியை விட்டிருந்தார். தலையைப் பின்னால் சாய்த்து, கண்களை மூடியிருந்தார். விசில் ஓயவில்லை. அவர் உதட்டில் மட்டும் ஏதோ நல்ல கனவு காண்கிறவர் மாதிரி ஒரு சிரிப்பு. பதினேழு தடவை விழுந்த அலுப்பு ஏழு மாதமாகியும் அவருக்குத் தீரவில்லை போலிருக்கிறது என்று எனக்குப் பாவமாக இருந்தது.

அம்மாவின் முழங்கையைத் தொட்டு, மாமா தூங்கிவிட்டார், யாரும் எழுப்ப வேண்டாம் என்று ரகசியமாகச் சொன்னேன்.