கோணல் கொம்பை வெட்டியவர்

பாக்கியம் அக்கா இறந்த செய்தியை அவர் மகள் கவிதா காலையில் அனுப்பினாள். "அம்மா போயிட்டாங்க டீச்சர். கோப்பெங் வீட்டுலதான் எல்லாம்." மதியம் எங்கள் கல்லூரியின் இரங்கல் குறிப்பு வந்தது. "நம் காட்சிக்கூடத்துக்குக் கிர்கிஸ் கம்பளம் தந்து உதவிய அன்பர்" என்றிருந்தது. தந்து உதவியவர், அவ்வளவுதான். அக்காவை அறிந்த உங்களுக்கு அந்த வரி எப்படி இருந்ததோ தெரியாது. எனக்கு எரிந்தது. அதில் பாதி என்மீதே என்பதால் இதை எழுதுகிறேன்.

மலேசியாவில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அக்கா. தோட்டம் மூடியபின் ஈப்போவில் சமையல் வேலை. கவிதா மருத்துவம் படிக்கக் கிர்கிஸ்தான் போனபோது, அங்கே நம் மாணவர்களின் மெஸ்ஸுக்குச் சமைக்க அவரும் போய் ஐந்தாண்டு இருந்தார். மெஸ்ஸின் பின்புறம் நான்கு பெண்கள் கம்பளி விரிப்பு செய்தார்கள். தறி கிடையாது. ஆட்டு மயிரை நாணல் பாயில் பரப்பி, வெந்நீர் ஊற்றிச் சுருட்டி, வரிசையாக மண்டியிட்டு முன்கையால் அழுத்தி உருட்டுவார்கள். வெந்நீர் கேட்டு வந்தவர்களோடு அக்கா அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனவர், அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "கைத்தோலு உரிஞ்சிரும் டீச்சர். ஆனா வாய் ஓயாது. அவங்க பாஷையில நான் பேசினா உருட்டுறத விட்டுட்டுச் சிரிப்பாளுங்க."

கறுப்பும் சிவப்புமாக இரண்டு கம்பளிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஆட்டுக்கொம்பு வடிவை ஒரே வெட்டாக வெட்டுவார்கள். கறுப்புக் கொம்பு சிவப்பில் பொருந்தும், சிவப்புக் கொம்பு கறுப்பில். விரிப்புகள் எப்போதும் ஜோடியாகவே உருவாகும். பால்மரம் சீவிய கை என்று தெரிந்ததும் கத்தியை அக்காவிடம் கொடுத்தார்கள். ஒரு ஜோடியில் ஒன்று அவரோடு ஊர் வந்தது.

அதைத்தான் எங்கள் காட்சிக்கூடம் இரவல் வாங்கியது. விளக்க அட்டை எழுதியது நான். மூலையில் ஒரு கொம்பு மட்டும் கோணலாக இருந்தது. "முழுமை இறைவனுக்கே உரியது என்ற பணிவில் வேண்டுமென்றே விடப்பட்ட குறை" என்று எழுதினேன். வேறு ஏதோ கம்பளத்தைப் பற்றி எங்கோ படித்தது. செய்தவர்கள்: "பெயர் அறியப்படாத கிர்கிஸ் பெண்கள்."

திறப்பு நாளில் அக்கா அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பணிவா? கத்தி வழுக்கிருச்சுலா! குல்னாரா என்னைத் திட்டின திட்டு உங்களுக்குத் தெரியுமா? அது என்ன, பேரு தெரியாதா? நாலு பேரு பேரும் சொல்றேன், எழுதிக்கங்க."

"ஆதாரம் வேணும்க்கா. கடுதாசி, ரசீது, ஏதாவது..."

"நான் நிக்கிறேனே டீச்சர், பத்தாதா? ரெண்டையும் சேர்த்துத்தானே வெட்டினேன். அந்தக் கோணல் ஜோடியிலயும் இருக்கும். குல்னாராவுக்கு ஒரு போன் போடுங்க."

பக்கத்தில் நின்ற இயக்குநர் சிரித்தார். "நீங்க மெஸ்ஸுல சமைச்சவங்கதானே?"

"ஆமாங்கய்யா. சமைக்கிறவ பேரையும் யாரும் கேக்குறதில்ல."

நான் அங்கேதான் நின்றேன். அட்டையைக் கழற்றவில்லை.

பிறகு பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒரே கேள்வி: "போன் போட்டீங்களா டீச்சர்?" அடுத்த வாரம் என்பேன். ஓர் அடிக்குறிப்பைச் சரிபார்க்க மாதக்கணக்கில் அலைபவள் நான். ஒரு போன் பேசவில்லை. சொன்னவர் சமையல்காரர் என்பதுதான் காரணம். வேறு எது சொன்னாலும் பொய்.

சாவு வீட்டில் கவிதா தன் போனை நீட்டினாள். செய்தி கேட்டுக் குல்னாரா அனுப்பிய படம். நான்கு பெண்கள் ஒரு விரிப்பின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கூடத்து விரிப்பில் கறுப்பு இருக்கும் இடமெல்லாம் அதில் சிவப்பு. ஒரு மூலையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அங்கே ஒரு கொம்பு கோணல். அதே கோணல்.

படத்தை இயக்குநரிடம் காட்டினேன். "அடுத்த கண்காட்சியில மாத்திக்கலாம் மேடம்" என்றார். "அடுத்த" என்பது நான் அக்காவிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை. கூடத்துக்குப் போய் அட்டையைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். கேட்டால், பொய்யை எழுதியவளே எடுத்துவிட்டாள் என்று சொல்வேன்.

அக்கா எனக்குத் தர வந்தவை பெயர்கள். அன்று எழுதிக்கொள்ளாதவற்றைக் கவிதாவிடம் கேட்டு இன்று எழுதுகிறேன். அந்த விரிப்பைச் செய்தவர்கள் குல்னாரா, ஜில்டிஸ், அனாரா, பூபுசாரா. கோணல் கொம்பை வெட்டியவர் பாக்கியம்.