மூன்று டிஸ்க்கும் ஒரு சுத்தியலும்

முதல் ஹார்டு டிஸ்க் செத்தபோது கரண்டைத் திட்டினேன். இரண்டாவது செத்தபோது கடைக்காரரைத் திட்டினேன். மூன்றாவது செத்தபோது திட்டுவதற்குப் புதிதாக ஆள் கிடைக்காமல் வீட்டுக்குள்ளேயே வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தேன்.

"ஏங்க, கத்துனா அது எழுந்து வரவா போவுது?" என்றாள் மனைவி.

அவளுடைய நிதானம் எனக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது. அந்தக் கம்ப்யூட்டரில் என்னுடையது என்று ஒன்றும் கிடையாது. போனதெல்லாம் அவளுடைய உழைப்பு. இழந்தவள் சும்மா இருக்கிறாள், நான் கத்திக் கொண்டிருக்கிறேன்.

செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபைக்கு ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்தவர்கள், பட்டாளத்தில் கணக்கு எழுதியவர்கள், அவர்கள் பெற்ற வாரத்திலேயே பறிகொடுத்த பிள்ளைகள் என்று எல்லோரும் அங்கேதான். ஒவ்வொரு மழைக்கும் கல்லில் எழுத்து தேய்கிறது. பள்ளிக்கூட வேலை முடிந்து ஓய்வு பெற்றதும், அதையெல்லாம் எழுதி வைத்துவிடுவது என்று மனைவி கிளம்பினாள். போனில் படம் எடுத்தால் வெறும் கல்தான் தெரிந்தது. அதனால் அரிசி மாவைக் கல்லின் மேல் தேய்ப்பாள். குழியில் மாவு தங்கி எழுத்து வெள்ளையாகத் தெரியும். சீட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்து, சாயங்காலம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போடுவாள்.

முதல் டிஸ்க் போனபோதே, பென் டிரைவில் ஒரு நகல் வைத்துக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். நான்தான் கேட்கவில்லை. "நல்ல டிஸ்க்கா குடுங்க, நகல் நக்கோ" என்று, வேண்டாம் என்பதை அவர் பாஷையிலேயே பெரிய மேதாவி மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு அப்படிப் பேசுகிற திமிர் வேலையில் வந்தது. ரயில்வேயில் பெட்டிகளைப் பரிசோதிக்கிறவனாக இருந்தேன். வண்டி வந்து நின்றதும் சுத்தியலோடு இறங்கி ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவோம். நல்ல சக்கரம் மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விட்ட சக்கரம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். இப்போது அதற்கெல்லாம் கருவி வந்துவிட்டது என்கிறார்கள். வரட்டும். நான் இன்றைக்கும் தர்பூசணியிலிருந்து கியாஸ் சிலிண்டர் வரை எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவேன்.

முதல் டிஸ்க் போன பிறகு நானே துப்பறியத் தொடங்கினேன். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதிதாக எர்த் போட வைத்தேன். யு.பி.எஸ். வாங்கினேன். பெட்டிக்குள் கரண்டு கொடுக்கிற பகுதியை மாற்றச் சொன்னேன். கேபிளை மாற்றினேன். தூசி ஏறாமல் இருக்கப் பலகை போட்டு மேலே தூக்கி வைத்தேன். வெயில் காலத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லாத டேபிள் ஃபேன் அதற்குச் சுழன்றது. தினமும் சாயங்காலம் மனைவி ஸ்விட்சைப் போட்டுவிட்டு டீ போட உள்ளே போவாள். அந்த நேரத்தில் என் பழைய சுத்தியலை எடுத்து டிஸ்க் இருக்கிற பக்கமாகப் பெட்டியைத் தட்டிக் கேட்பேன். ஸ்க்ரூ எதுவும் தளர்ந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். முன்பெல்லாம் இரண்டு தட்டு. முதல் டிஸ்க் செத்த பிறகு, கவனமாக இருக்க வேண்டும் என்று நான்காக்கினேன்.

அப்படியும் ஒரு நாள் உள்ளே டிக், டிக் என்று கேட்டது. திரை அப்படியே நின்றது. இரண்டாவதும் போயிற்று. உள்ளே இருக்கும் தட்டில் கோடு விழுந்துவிட்டது, எதையும் மீட்க முடியாது என்றார் கடைக்காரர். போலிச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டதாகக் கடை வாசலில் நின்று நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மனைவி மறுபடி மாவுப் பையோடு தோட்டத்துக்குப் போனாள். அன்றைக்குச் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள். சுவரோரம் சாய்ந்து கிடந்த உடைந்த கற்களை அள்ளிப் போட்டுவிட்டு அங்கே சிமெண்டுப் பாதை போட்டிருக்கிறார்களாம். அந்த வரிசையில் அவளுக்கு மிகவும் பிடித்த கல் ஒன்று இருந்தது. ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போட்ட ஒருவர் தன் மனைவிக்கு வைத்த கல். நாலு வரி. எழுதிக்கொண்டு வந்த அன்று எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டினேன்.

"மூணு வரி ஞாபகம் இருக்கு. நாலாவது வரமாட்டேங்குது. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

மூன்றாவது டிஸ்க்கும் செத்த பிறகு கடைக்காரருக்கே பொறுக்கவில்லை. "சாப், மேரா டிஸ்க் கராப் நை, ஆப்கா கர் கராப்" என்றார். அவர் டிஸ்க்கில் கோளாறு இல்லையாம், என் வீட்டில்தான் கோளாறாம். வந்து நிரூபியுங்கள் என்றேன். நாலாவது டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்துவிட்டார்.

எர்த்தைப் பார்த்தார், யு.பி.எஸ்ஸைப் பார்த்தார், பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஒயராக அசைத்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. புது டிஸ்க்கைப் பொருத்தி ஓட விட்டார். மனைவி அவருக்கும் சேர்த்து டீ போட உள்ளே போனாள். நான் வழக்கம் போலச் சுத்தியலை எடுத்து ஒரு தட்டு தட்டினேன்.

மனிதர் பாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சல்தே வக்த் கைக்கு மார்ரே சாப்!"

ஓடும்போது ஏன் அடிக்கிறீர்கள் என்கிறார். நான் விழித்தேன். செத்துப்போன பழைய டிஸ்க்கைத் திறந்து காட்டினார். உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு வட்டத் தட்டு, அதன் மேல் மெல்லிய ஒரு கை. தட்டு சுற்றும்போது கை அதைத் தொடாமல் முடியளவுகூட இல்லாத இடைவெளியில் மிதக்குமாம். வெளியே ஒரு அடி விழுந்தால் கை தட்டில் இடித்துக் கோடு போட்டுவிடுமாம்.

ஆக, அதுவும் சக்கரம்தான். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்ததால், வண்டி நிற்கிறது என்று நினைத்துவிட்டேன். உருளுகிற சக்கரத்தில் சுத்தியல் படக்கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். வண்டி முழுதாக நிற்பதற்குள் சுத்தியலை நீட்டிய சக ஊழியரை ஒருமுறை பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி ஏசியிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கரண்டு கோணல், கடை கோணல், தூசி கோணல் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஹவ் சாப், ஹவ்" என்று, சரி சரி என்கிற மாதிரி தலையாட்டிச் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு, கையோடு கொண்டுவந்த பென் டிரைவை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மனைவியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சொன்னேன்.

"மூணும் நீங்கதானா?"

"நானேதான்."

கம்ப்யூட்டர் முன்னால் கிடந்த நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். என்னைப் போல நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எனக்குக் கண்ணு வலிக்குது. இனிமே நீங்க உக்காந்து அடிங்க, நான் சொல்லுதேன்" என்றாள்.

உட்கார்ந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டேன். சுவரோரத்துக் கல் என்றாள். அவள் சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தேன்.

நான் எஞ்சினுக்குக் கரி போட்டேன்.
அவள் எனக்கு அடுப்பு மூட்டினாள்.
அவள் அடுப்பு இன்று அணைந்தது.

அவள் நிறுத்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். டேபிள் ஃபேன் பெட்டியைப் பார்த்துச் சுற்றிக் கொண்டிருந்தது. அதை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"வரல. நாலாவது வரி இருந்துச்சுன்னு மட்டும் போடுங்க."

போட்டேன். பிறகு அவள் சொல்லாமலே இன்னும் கொஞ்சம் அடித்தேன்.

"என்ன அடிச்சீங்க? வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். "நான்காவது வரி இருந்தது. அதைத் தொலைத்தவன் நான்."

அழிக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் அடுத்த கல்லைச் சொல்லத் தொடங்கினாள்.