சிறிலின் தொட்டித் தண்ணீர்

"என் தொட்டியில ஊத்துற தண்ணிய நானே ஒரு கோப்பை குடிச்சுக் காட்டுவேன்" என்று 1962இல், இலங்கைத் தேயிலை மலையகத்தின் வட்டகொடைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆய்வுகூட உதவியாளர் சிறில், பார்வையிட வந்த அதிகாரியிடம் அறிவித்தார். அதிகாரி மகிழ்ந்தார், குடிக்கச் சொல்லவில்லை. கனவான்கள் அப்படித்தான்.

சிறிலின் பெருமைக்கு நியாயம் உண்டு. மிஞ்சிய அமிலத்தை அவர் அப்படியே கொட்டுகிறவர் அல்லர். நிறையத் தண்ணீரில் மெல்லச் சேர்ப்பார், சலவைச் சோடாவைத் தூவி, நுரை அடங்கும்வரை தவம் நிற்பார், லிட்மஸ் தாளை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் பார்ப்பார், பிறகுதான் ஊற்றுவார். மயில்துத்தக் கரைசலுக்கும் அதே பூசைதான். சோடா பட்டதும் அது நீலச் சேறாகத் திரளும். சேற்றைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு போகும். கண்ணுக்கு மறைந்தது சுத்தமாயிற்று என்பது அவருடைய விஞ்ஞானம்.

தொட்டியின் கழிவுக் குழாய் சுவரைத் தாண்டியதும் உடைந்து கிடந்தது. அதிகாரி வருகிறார் என்று வாசல் மணியைத் துலக்கினார்கள். பின்பக்கம் இருந்த குழாய்க்கு அந்த யோகம் இல்லை. கீழே, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தின் பீலி, மலைத் தண்ணீர் வடியும் குழாய். பன்னிரண்டு வீட்டார் அதில்தான் குடித்தார்கள். குடியுரிமை பறிபோன அவர்களுக்கு வாக்குச் சீட்டும் இல்லை, புகார்க் கடிதம் எழுதும் கெட்ட பழக்கமும் இல்லை.

பறித்த கொழுந்தை எடைபோட்ட கையோடு லயத்து ராக்காயி ஒரு நாள் வந்தாள். இடுப்பில் வெறுங்குடம், கையில் ஒரு தேநீர்க் கேத்தல்.

"என்னங்கய்யா, எங்க பீலியில நீலமாப் படியுது? மூணு நாளா புள்ளைக வாந்தியெடுக்குதுக."

"லிட்மஸ் பாத்துத்தான் ஊத்துறேன். அமிலம் துளிகூட இல்ல."

"அமிலத்த யாரு கேட்டா? தேயிலைக்கு மருந்தடிக்கிற தகரத்துல ஒட்டியிருக்கே, அதே நீலம். அந்தத் தகரத்துல தண்ணி மொண்டா கங்காணி செவுட்டுல அறைவாரு. நீங்க பீலிக்கே அனுப்பி வைக்கிறீங்க."

"நெறையத் தண்ணி விட்டுத்தான்..."

"விட்ட தண்ணி எங்க போவும், மேலயா?"

கேத்தலிலிருந்து ஒரு கோப்பை பாலில்லாச் சாயத் தேநீர் ஊற்றி மேசையில் வைத்தாள். "பீலித் தண்ணியில போட்டது. குடிப்பேன்னு சொன்னீங்களாமே. குடிங்க."

சிறில் லிட்மஸ் தாளைத் தோய்த்துப் பார்த்தார். தாள் அவர் பக்கம்தான் சாட்சி சொன்னது. கோப்பையை வாயருகே கொண்டு போனார். கீழே வைத்தார்.

தொட்டித் துவாரத்தில் தக்கையை அறைந்தார். மிச்சமிருந்த நீலக் கரைசலைக் கண்ணாடிச் சாடியில் ஊற்றி மூடினார். பிறகு அவளுடைய குடத்தை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு மேலே இருந்த ஊற்றுக்கு ஏறினார்.