கழுநீர் குடித்த எர்த் குழி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பது வருஷமாக வலங்கைமான் சுற்றுவட்டாரத்தில் வயரிங் வேலை. டெஸ்ட் லாம்ப் எரிந்தால் கரண்ட் இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை, எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான். நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

கோடையில் எங்கள் பக்கம் ஆறு, வாய்க்கால் எல்லாம் வறண்டு வயல் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்க உப்பும் கரியும் கொட்டிக் குழாய் புதைத்த எர்த் குழியும் அப்போது காய்ந்துவிடும். காய்ந்த குழி இருந்தும் இல்லாத மாதிரிதான், அந்தக் கரண்ட் தொடுகிறவன் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகும். "தினம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க" என்று வேலைக்குப் போகிற வீட்டிலெல்லாம் தொண்டை கிழியச் சொல்லுவேன். என் வீட்டில் ஊற்றியது என் மனைவி மல்லிகா, அரிசி கழுவிய தண்ணீரை. "உங்க குழிக்கு ஊத்திட்டேங்க, அதுவாச்சும் நேரத்துக்குக் குடிக்கட்டும்" என்பாள். இது நடந்தபோது அவள் இறந்து எட்டு மாதம். மகள் திருவாரூரில். எனக்கு மெஸ் சாப்பாடு, வீட்டில் ஒரு பிடி அரிசி கிடையாது.

சித்திரையில் ஒருநாள் கரண்டுக்கும் எர்த்துக்கும் நடுவில் லாம்பைப் போட்டுப் பார்த்தேன். மினுக்கென்றுகூட எரியவில்லை, குழி காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நினைத்தேன், ஊற்றவில்லை. அவள் இல்லாத கொல்லைக்குப் போகவே பிடிக்கவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்து பழைய பிரிட்ஜைத் திறக்கக் கை நீட்டுகிறேன், இன்னும் தொடவில்லை, டப்பென்று ஃபியூஸ் போனது. பிரிட்ஜைக் கழற்றிப் பார்த்தால் கம்ப்ரசர் காயில் எரிந்து கரண்ட் அதன் இரும்பு பாடியில் இறங்கியிருக்கிறது. காய்ந்த எர்த்தில் ஃபியூஸ் போயிருக்காது, தொட்ட நான் செத்திருப்பேன். ஃபியூஸ் கட்டி மறுபடி எர்த்தில் லாம்பைப் போட்டேன், நம்பினால் நம்புங்கள், பளிச்சென்று எரிந்தது.

கொல்லைக்கு ஓடினேன். குழியைச் சுற்றி வெள்ளையாய்க் கழுநீர், அதில் நாலைந்து அரிசி. கொல்லை கேட்டில் பூட்டு, சாவி என் இடுப்பில்.

மகளுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"பக்கத்து வீட்டுல யாராச்சும் ஊத்தியிருப்பாங்கப்பா."

"ஆள் உசரத்துக்கு மதில் இருக்கும்மா."

"சரிப்பா, இனிமே நீங்களே தினம் ஊத்துங்க. எனக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

சரி என்றேன். ரெண்டு கோடை ஆகிவிட்டது, ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை. உயிரோடு விளையாடுகிறேன் என்று தெரியும். ஆனால் நான் ஊற்றிவிட்டால் அவள் ஊற்றியது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? தினம் காலையில் லாம்பைப் போட்டுப் பார்க்கிறேன், எரிகிறது. தனியாக இல்லை என்று அந்த ஒரு நிமிஷம் தோன்றும்.

நேற்று கொஞ்சம் மங்கலாக எரிந்தது. அவளுக்கு அலுத்துவிட்டதோ என்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.