நான் சொன்ன பாதி

என் மனைவிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாள். "வீட்டுக்குள்ளயே மெதுவா நடக்கட்டும். நடக்கும்போது பேச முடியணும். பேச்சு திணறுச்சுன்னா உடனே உட்கார வெச்சிருங்க."

சொல்வது சுலபம். என் காது நூற்பு மில்லின் இரைச்சலில் வருஷக்கணக்காய்க் கிடந்து மந்தமான காது. என் மனைவியோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். வெளியே கரிசல் புழுதிக் காற்று அடித்ததால் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். பேசு என்றால், "என்னத்தப் பேச?" என்பாள். அந்த இரண்டு சொல்லை வைத்து மூச்சை எப்படிக் கணிப்பது?

அவளே ஒரு வழி சொன்னாள். "ஜெபமாலை சொல்லிக்கிட்டே நடக்கேன். நீங்க பதில் சொல்லுங்க."

எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகளில் ஜெபத்தின் முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்லி முடிப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து, அவள் சாயங்காலம் ஜெபமாலையைக் கையில் எடுத்தால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவேன். ஞாயிறு பூசையோடு என் பக்தி சரி. இப்போது எங்கே ஓட? பின்பாதி என் வாயில் தட்டுத்தடுமாறி வந்தது. அவள் குரல் மட்டும் கணீரென்று இருந்தது. தேறிவிட்டாள் என்று நானும் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தேன்.

ஒரு சாயங்காலம் ஜெபத்தின் நடுவே எனக்குப் புரையேறிவிட்டது. இருமிக்கொண்டே, நீயே சொல்லு என்று கையைக் காட்டினேன். முன்பாதியை முடித்து, பின்பாதியைத் தொடங்கியவள் பாதியில் நின்றுவிட்டாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. நாற்காலியை இழுத்து உட்காரவைத்தேன். வலி இல்லை என்று தலையாட்டினாள். இருந்தாலும் ஆட்டோ பிடித்து அப்போதே கொண்டுபோய்க் காட்டினேன். எல்லாம் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, அவள் தெம்புக்கு வேகம் கூடிவிட்டது, குறைத்து நடக்கட்டும் என்றார் டாக்டர்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். "ஏட்டி, இத்தன நாளும் மூச்சு வாங்கத்தான் செஞ்சுதா?"

"நீங்க பதில் சொல்லுத நேரத்துல மூச்ச இழுத்து விட்டுக்கிடுவேன்."

"எங்கிட்டச் சொல்லித் தொலைக்கதுக்கு என்ன?"

"சொன்னா நீங்க நடைய நிப்பாட்டச் சொல்லுவீங்க, அதோட ஜெபத்தையும் நிப்பாட்டிருவீங்க. இத்தன வருஷத்துல இப்பதான் எங்கூடச் சேந்து சொல்லுதீங்க."

கோபம் வந்தது. ஆட்டோக்காரரிடம், பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டச் சொன்னேன்.

மறுநாள் ஏற்பாட்டை மாற்றினேன். ஜெபம் இருவருமாக உட்கார்ந்து சொல்வது. நடக்கும்போது அவள் மட்டும் பேச வேண்டும், என்னை ஏசினாலும் சரி.

"ஏசச் சொன்னா லேசுல நிப்பாட்ட மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்றாள்.

மெதுவாக நடந்தபடியே, என் தங்கச்சி கல்யாணத்தில் அவளுக்குச் சேலை எடுக்காமல் விட்டதில் ஆரம்பித்தாள். அப்படிக்கூடப் பேசத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு பின்னாலேயே போகிறேன். சொல் தேடி ஒரு நொடி அவள் நிறுத்தினால்கூட எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. ஆண்டவரே, ஏசட்டும், இவள் என்னை இன்னும் ஏசட்டும்.